கிராவலும் சைக்கிளும் பெரம்பலூரும்

பெரம்பலூர்ப் பக்கம் 'கிராவல்' என்று சொன்னால் யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ராத்திரியில் போகும் டிப்பர் லாரிதான் வரும். இல்லாவிட்டால் அளவுக்கு மேல் மண் அள்ளி ஏரிக்குள் விழுந்த பள்ளம். வெளிநாட்டில் இதே வார்த்தையை ஒரு விளையாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். தார் போடாத, காரும் பஸ்ஸும் எட்டிப் பார்க்காத சரளை ரோட்டில் குன்று, காடு, வயல் என்று நாள் முழுக்க சைக்கிள் மிதிப்பது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006-ல் ஆரம்பித்த சரளைப் பந்தயத்துக்கு இன்றைக்குப் பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். 2022-லிருந்து இதற்கு உலக சாம்பியன் போட்டியே நடக்கிறது. இதற்கென்றே வரும் சைக்கிள்களில் நல்லதாகப் பார்த்தால் விலை லட்சத்தைத் தாண்டும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ஊரில் பால்காரர் ஓட்டும் பழைய சைக்கிளின் டயர் 'இருபத்தெட்டுக்கு ஒன்றரை'. அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் கிராவல் சைக்கிளின் டயரும் பெரும்பாலும் 35-லிருந்து 50-க்குள்தான்! கியர், பிரேக், எடை எல்லாம் வேறு, மறுக்கவில்லை. ஆனால் மண்பாதைக்கு எந்த அகலத்தில் டயர் வேண்டும் என்பது பால்காரருக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

பாதைக்கும் இங்கே பஞ்சமில்லை. மேற்கே பச்சைமலை. அதன் அடிவாரத்தில் அரும்பாவூர், மலையாளப்பட்டி, தொண்டமாந்துறை. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவில் கல்லாற்றை மறித்துக் கட்டிய விசுவக்குடி அணை. தெற்கே வந்தால் லாடபுரம், மயிலூற்று அருவி. இந்த ஊர்களுக்கு இடையில் தார் ரோடு சுற்றிக்கொண்டு போகும், வண்டிப்பாதை குறுக்கே போகும். மாட்டுவண்டி குறைந்துபோனதால் பல பாதைகளில் இப்போது ஆளே இல்லை.

கிழக்கே போகப் போக நிலமே மாறிவிடும். கரிசல், மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயப் பட்டறைகள். காரை கிராமத்துப் பக்கம் மழை அரித்து அரித்து செம்மண்ணும் வெளிர்மண்ணுமாகக் கிடக்கும் மேடுபள்ளங்களில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம். 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது, வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். அப்போது கடல் இந்த ஊர் வரைக்கும் இருந்தது. அரியலூர் எல்லைக்குள் போனால் புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேரும் கரைவெட்டி ஏரி. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வருகிற ஏரி, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று கோத்துக்கொண்டே போனால் மலையிலிருந்து ஏரி வரைக்கும் பெரிய ரோட்டில் ஏறாமலே பெரும்பகுதி தூரத்தைக் கடந்துவிடலாம்.

இதைப் படித்ததும் 'சுற்றுலா வளர்ச்சி' என்று யாராவது கிளம்புவார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். இந்தப் பாதைகள் முதலில் வேண்டியது வேறு ஆட்களுக்கு.

அந்தப் பழைய கடல் மரத்தைக் கல்லாக்கி வைத்ததோடு நிற்கவில்லை, சுண்ணாம்புக்கல்லையும் போட்டுவிட்டுப் போனது. அதனால்தான் அரியலூர் மாவட்டத்தில் இத்தனை சிமெண்ட் ஆலை, இத்தனை சுரங்கம், இத்தனை லாரி. அதே ரோட்டில்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் போகிறார்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து 2005-06-ல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம் அது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை எந்த ரோட்டில் ஓட்டுவது என்பதைப் பிள்ளையின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி, இன்னொரு பக்கம் ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளம், அது சிதறாமல் இருக்க வரிசையாகக் கல். நடுவில் பதினோராம் வகுப்புப் பெண் புத்தகப்பையோடு மிதிக்கிறாள். பள்ளி நேரத்திலாவது லாரியை நிறுத்துங்கள் என்ற கோரிக்கை அந்த மாவட்டத்தில் எத்தனை முறை எழுந்திருக்கிறது!

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பெரிய தடை ஊராரின் கேலிதான். அந்தக் கேலி ஓய்ந்துவிட்டது. லாரி வந்து நிற்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஆலையின் இருப்புநிலைக் குறிப்பில் லாரியின் தேய்மானம் வரும், டயர் செலவு வரும். லாரிக்குப் பயந்து ஒரு வீட்டில் பெண்ணை பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்வதோ, படிப்பையே நிறுத்துவதோ எந்தப் பக்கத்திலும் பதிவாகாது. இந்த மாதிரி விடுபட்ட செலவுகளுக்காகத்தான் 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளையைக் கொண்டுவந்தார்கள். பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்த குத்தகை என்றால் 10 சதவீதம் அறக்கட்டளைக்கு வரவேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-ல் வைத்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அந்த விகிதத்தில் பார்த்தால் டன்னுக்கு 24 அல்லது 8 ரூபாய். டன் கணக்கு லட்சங்களில் போகும்போது இது சில்லறை இல்லை. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு முன்னுரிமை, சாலை மாதிரிக் கட்டமைப்புக்கும் ஒரு பங்கு என்று விதியிலேயே இருக்கிறது. பள்ளிக்குப் போகும் லாரி இல்லாத பாதையை கல்விச் செலவு என்று எழுதினாலும் சரி, சாலைச் செலவு என்று எழுதினாலும் சரி, இரண்டுமே பொருந்தும்.

செலவும் அதிகமில்லை. புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், வண்டிப்பாதை வருவாய்த் துறைப் படத்தில் ஏற்கனவே இருக்கிறது. ஆக்கிரமிப்பை எடுத்து, முள் வெட்டி, மேட்டுப்பாங்கான சரளை போட்டு, இரண்டு முனையிலும் லாரி நுழையாதபடி கல் நட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

'மண்ரோடு எதற்கு, தார் போட்டால் என்ன?' நியாயமான கேள்வி. பச்சைமலை மேலே இருக்கும் ஊருக்கு 108 வண்டி ஏறத் தார் ரோடு வேண்டும். சைக்கிள் ரசிகர்களின் மண்வாசனைக்காக ஒரு ஊரைச் சேற்றில் வைத்திருப்பது அநியாயம். ஆனால் ஊருக்கு ஒரு தார் ரோடு இருக்கும்போது பக்கத்து வண்டிப்பாதைக்கும் தார் போட்டால் மறுவாரமே டிப்பருக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். இத்தாலியில் சியன்னா பக்கத்து வெள்ளைச் சரளை ரோடுகளுக்கு இந்த நிலைமை வந்தபோதுதான், 1997-ல் பழைய சைக்கிள்களை மட்டும் ஓட்டும் 'எரோயிக்கா' என்ற பயணத்தை ஆரம்பித்தார்கள். நோக்கமே அந்த ரோடுகளைத் தாரிலிருந்து காப்பாற்றுவது. 2007-லிருந்து தொழில்முறை வீரர்களே அந்த வெள்ளை ரோடுகளில் பந்தயம் ஓடுகிறார்கள்.

காடு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு விதிகள் இறுகியதும் சரிதான். 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, அதில் பெரம்பலூரும் அரியலூரும் இல்லை. சித்தளிப் பக்கம் மான்கள் ஏற்கனவே ரோட்டில் அடிபடுகின்றன, காட்டுக்குள்ளும் சக்கரம் வேண்டாம். காட்டோரம் போதும். காரையின் படிவ மேடுகளும் அப்படித்தான். சுற்றி மிதிக்கலாம், மேலே ஏற்றக்கூடாது. (மோட்டார் பைக்கில் ஏறி வீடியோ எடுக்கும் அண்ணன்மார்கள் கவனிக்க.)

இதையும் மீறி இந்தப் பக்கம் மிதிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: மார்கழி, தை நல்ல காலம். கரிசலில் மழை விட்ட மறுநாள் போகாதீர்கள், மண் மட்கார்டில் அப்பி சக்கரமே சுற்றாது. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிக்காது, இரண்டு டியூபும் ஒரு கைப்பம்பும் கட்டாயம்.

ஊர்க்காரர்களுக்கு: கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'பாதை வேண்டும்' என்று பொதுவாக எழுதிக்கொடுத்தால் மனு ஃபைலில் தூங்கும். வண்டிப்பாதையின் சர்வே எண், எந்தப் பள்ளியோடு சேர்கிறது, எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள், கேட்பது கனிம அறக்கட்டளைப் பணத்தை என்று நான்கையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு எங்கேயும் அலைய வேண்டாம், காலை ஒன்பது மணிக்குப் பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில் நின்று எண்ணினால் போதும்.