கணக்கில் வராத பிள்ளைகள்



போன மாதம் கிராஞ்சிக்குப் போயிருந்தேன். ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் மஞ்சள் பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும் அந்த ரயில் நிலைய வாசலில் விடியற்காலையில் நின்று பார்த்தால், நம் தோட்டத்துப் பெரட்டுக் களம் மாதிரியே இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள், செம்பனைக் குலை சுமந்தவர்களின் பிள்ளைகள், தூக்கக் கலக்கத்தோடு நிற்கிறார்கள். ஒரு கையில் இனிப்புத் தே, மறு கையில் ரொட்டி. நாலு மணிக்கு எழுந்தவர்கள் வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும்.

தெரிந்த பையன் ஒருவனிடம், "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு டிரசர். கொஞ்சம் அசதி, அடிக்கடி தாகம், அவ்வளவுதான்" என்றான்.

அந்த "அவ்வளவுதான்" எனக்குப் பழக்கமான பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் இப்படிச் சொன்ன இன்னொரு பையனுக்கு வயது 31. சப்பாத்து கடித்த சின்னப் புண், ஆறு வாரமாகியும் ஆறவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன், இனிப்பு 19. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கால்விரல் இரண்டை எடுத்தார்கள். பின்னாலேயே வேலையும் போயிற்று.

இப்போது அரசாங்கக் கணக்குகளைப் பாருங்கள். மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆறு பேரில் ஒருவர். மொத்தப் பெரியவர்களில் 5.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. 2019-ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் கணக்கு எடுக்கிறார்கள். அங்கே 2017-இல் 24.2 விழுக்காடாக இருந்த ரத்தக் கொதிப்பு, 2021-22 ஆய்வில் 37 விழுக்காடு ஆனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. பாலம் தாண்டி வந்து போகிற நம் பிள்ளை அதில் இல்லை. கிராஞ்சிப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளியும் இல்லை.

சரி, மலேசியக் கணக்கில் இருக்கிறானா? அது வீடு வீடாகப் போய் எடுப்பது. இருட்டில் போய் இருட்டில் வருகிறவன் எத்தனை வீட்டில் அகப்படுவான்? ஒரு நாட்டில் உழைக்கிறான், இன்னொரு நாட்டில் உறங்குகிறான். இரண்டு நாட்டுக் கணக்கிலும் அவன் விடுபட்டுப் போகிறான் என்பதே என் வாதம். எண்ணப்படாதவனுக்கு யார் திட்டம் போடுவார்கள்?

"எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு டிரசர்" என்பார்கள். இருக்கிறது. வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு முதலாளி வாங்கவேண்டிய காப்புறுதி 2023 ஜூலை முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. நல்ல தொகைதான். ஆனால் அந்தக் கட்டாயம் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் ஒருநாள் அறுவைக்கும் உரியது. விரல் போன பிறகு உதவும் பணம் அது. விரல் போகாமல் காக்கும் இனிப்புச் சோதனைக்கு அதில் கட்டாயம் கிடையாது.

நம் பக்கத்தில், அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதானவர்களுக்கு 2020 முதல் பெக்கா பி40 இலவசச் சோதனை உண்டு. பெற்றவர்கள் தவறாமல் போய்வாருங்கள். ஆனால் அந்த 31 வயதுப் பையனுக்கு அது கிடைத்திருக்காது. அவனுக்கு இருந்தது அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்குப் போக ஒருநாள் சம்பளம் போகுமே என்றுதான் அவன் போகவில்லை.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. வருடத்துக்கு ஒருநாள், சம்பளப் பிடிப்பு இல்லாத சோதனை நாள் வேண்டும். நம் தோட்டத்தில் அதைக் கேட்டு வாங்கி வழிகாட்டுவோம். அடுத்தது, பாலம் தாண்டும் பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் எடுக்கட்டும். அரசாங்கம் எண்ணும்வரை நாமே எண்ணுவோம்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் இருப்பான். பசியாறுவதற்கு முன் என்னிடம் அனுப்புங்கள். வெறும் வயிற்றில் இனிப்பு 7-ஐத் தொட்டாலோ, கொதிப்பு 140-க்கு 90-ஐத் தொட்டாலோ கிளினிக்கில் மறுபடி பார்த்து உறுதி செய்யவேண்டும். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காலில் மதமதப்பு, ஆறாத புண், இவற்றில் எதையும் "அவ்வளவுதான்" என்று விடாதீர்கள்.

கிராஞ்சியில் பார்த்த பையன் போன ஞாயிறு வந்தான். வெறும் வயிற்றில் 11. பயந்துவிட்டான். "பயப்படாதே, விரல் பத்தும் இருக்கும்போதே வந்துட்டே" என்றேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனான். ஒருநாள் சம்பளம் போனதுதான்.