திரைக்குச் சாதி இல்லை என்பவர்களுக்கு

திரைக்குச் சாதி இல்லையாம். கேமராவுக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாதாம். பிள்ளைகள் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒண்ணாம். கல்வித் தொழில்நுட்பம் பேசுகிற கனவான்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

கரும்பலகைக்கும் சாதி கிடையாதுதான் அய்யா. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட வாத்தியார் அம்பேத்கரைப் பலகைக்குக் கூப்பிட்டார். உடனே சாதி இந்துப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடி, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோத்து டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. பலகை யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பலகையைச் சுற்றி நின்றவர்கள்தான் சொன்னார்கள்.

இப்போது பலகைக்குப் பதில் 'ஆக்மென்டட் ரியாலிட்டி'. மிகை மெய்ம்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். புத்தகத்தில் உள்ள இதயப் படத்துக்கு நேரே போனைப் பிடித்தால், பக்கத்தின் மேலேயே இதயம் எழுந்து துடிக்கும். சுற்றி வந்து பார்க்கலாம். இதையே கூட்டாகப் படிக்கிற முறையும் உண்டு. ஒரே இதயத்தைச் சுற்றி நாலு பிள்ளைகள். ஒருத்திக்கு ரத்தம் ஓடும் வழி தெரியும். இன்னொருத்தனுக்கு வால்வு தெரியும். மூன்றாவது ஆளுக்கு அழுத்தம், நாலாவது ஆளுக்குத் துடிப்பின் எண்ணிக்கை. நாலு பேரும் வாய் திறந்து பேசினால்தான் கேள்விக்கு விடை. நடுநிலைப் பள்ளி அறிவியலுக்கு இது நல்ல வழி. நான் மறுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் பாதையும் போட்டாகிவிட்டது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சாகியிருக்கிறது. 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்காக வானவில் மன்றம் தொடங்கியது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. திறன்மிகு வகுப்பறைகள் 22,931 என்றும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் 8,209 என்றும் அரசு கணக்குச் சொல்கிறது. இன்றில்லாவிட்டால் நாளை மிகை மெய்ம்மையும் வகுப்புக்குள் வரும். வரட்டும். அது எப்படி வரும் என்பதுதான் நம் கேள்வி.

'கூட்டாக' என்கிற சொல்லை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பிரித்து வைத்திருந்த கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்புக்குள் வெறுப்பு வெடித்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கறுப்புப் பிள்ளை கையில் இருக்கிற துண்டைக் கேட்காமல் வெள்ளைப் பிள்ளை பரீட்சை எழுத முடியாது. ஆளுக்கொரு தகவல் கொடுத்துப் பேசவைக்கிற வேலையெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். நிறவெறியை வகுப்பறைக்குள் உடைக்கப் பிறந்த முறை அய்யா இது! நம்ம ஊருக்குக் கப்பலேறும்போது கருவி மட்டும் வருகிறது. நோக்கத்தைத் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டார்கள்.

இங்கே வகுப்பறை எப்படி இருக்கிறது? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த தலைமையாசிரியை கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்காரவை என்று பரிந்துரை செய்தது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதையே ஒரு நீதிபதி எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிற நாட்டில், நாலு பிள்ளைகள் ஒரு டேப்லெட்டைச் சுற்றித் தானாகச் சேர்ந்துவிடுவார்களா?

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. வெறும் மணிக்கட்டின் மேல் ஒரு நிறத்தை ஏற்றி, அந்த நிறத்தின் மேல் உயர்வு தாழ்வை ஏற்றிப் பார்ப்பது மிகை மெய்ம்மை இல்லாமல் வேறென்ன? இதற்குப் போனும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். மனுநீதி போதும். நம்ம மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் அதையே செங்கல்லாகவும் எழுப்பினார்கள். 1989இல் கட்டிய சுவரில் ஒரு பகுதி இடிய 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிற சுவருக்குச் செங்கல் கிடையாது. அதனால்தான் கனவான்கள் கண்ணுக்கு அது தெரியமாட்டேங்குது.

நம்ம பக்கமும் ஒரு குரல் கேட்கிறது. "மொதல்ல கக்கூஸ் கட்டு, தண்ணி குடு. அப்புறம் பாக்கலாம் இந்தப் படம் காட்டுற வேலையெல்லாம்." கோபம் நியாயம்தான். ஆனால் 'மொதல்ல அது, அப்புறம் இது' என்று காலங்காலமாக நம்மை வரிசையில் நிறுத்தியவர்கள் யார்? தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கக்கூசும் உண்டு, டேப்லெட்டும் உண்டு. சேரிப் பிள்ளைக்கு மட்டும் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்றா? ரெண்டும் வேணும். ஒரே நாளில் வேணும்.

எப்படிப்பட்ட பாடம் வேணும் என்பதையும் நாமே சொல்லுவோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் இருக்கிறது. பறையை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள்? தோலின் ஈரம் போகும், இழுவிசை கூடும், அதிர்வெண் உயரும். இதற்கு மேல் என்ன இயற்பியல் வேண்டும்? வகுப்பில் நிஜப் பறையை வையுங்கள். ஒரு பிள்ளை அடிக்கட்டும். ஒருத்தி திரையில் தோல் அதிரும் கோலத்தைப் பார்க்கட்டும். ஒருத்தன் அதிர்வெண்ணைப் படிக்கட்டும். இன்னொருத்தி காய்ச்சியதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடட்டும். பிறகு இடம் மாறட்டும். அடித்தவன் அளக்கட்டும், அளந்தவள் அடிக்கட்டும். ஆனால் "யார் வீட்ல பறை இருக்கு?" என்று வாத்தியார் ஒரு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாரோ, அந்த நிமிடமே பாடம் தீண்டாமையாகிவிடும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டுப் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். பறை வகுப்புக்குள் வரட்டும். வந்தால் எல்லாப் பிள்ளையும் தொட்டு அடிக்க வேண்டும்.

கருவி வருமுன் கேட்டு வாங்க வேண்டியவை இவை:

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் முதலில் கொடு. மிச்சம் மீதியை அனுப்பாதே.

குழுவைச் சீட்டுக் குலுக்கிப் போடு. 'பிடிச்சவங்களோட சேருங்க' என்று விட்டால் தெருவாரியாகத்தான் சேரும். டேப்லெட்டைப் பிடிக்கிற கை பாடத்துக்குப் பாடம் மாறட்டும். ஒருத்தன் பார்க்க, ஒருத்தன் சாமான் தூக்க என்று ஆகக்கூடாது.

பிள்ளையின் சாதி எமிஸ் பதிவில் இருக்கிறது. உதவித்தொகைக்கு அது வேண்டும். பாடத் திரைக்கு அது எதற்கு? அங்கே பெயர் மட்டும் போதும்.

பாடம் தயாரிக்கிற மேசையில் நம் ஆசிரியர்கள் உட்கார வேண்டும். மடை திறப்பதில், தோல் பதனிடுவதில், செங்கல் சுடுவதில் உள்ள அறிவியலை அறிந்தவர்களைக் கேட்காமல் எழுதுகிற பாடம் அரைப்பாடம்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் திறன்மிகு வகுப்பறை இருந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். கருவி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது யார் கையில் இருக்கிறது, யார் எட்டி நின்று பார்க்கிறார்கள், யார் அதைத் துடைத்து வைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்போடு மதுரை முதன்மைக் கல்வி அலுவலகத்து வாசலில் சேர்ந்து நிற்போம்.