தழும்புக்கு மேலும் சான்று வேண்டுமோ?

முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகளோடு ஈழத்தமிழர் ஒருவர் 2011-இல் பிரித்தானியாவை அடைந்து அடைக்கலம் வேண்டினார். இலங்கை அரசின் படையினர் தம்மைச் சிறைப்பிடித்துப் பழுக்கக் காய்ச்சிய கம்பியாற் சுட்டனர் என்பது அவர் கூற்று. தழும்புகளை ஆய்ந்த மருத்துவர், அவை அக் கூற்றோடு பெரிதும் ஒத்துள்ளன என்று எழுதிக் கொடுத்தார். ஆயினும் 2014-இல் மேல் தீர்ப்பாயம் கண்ட முடிபு யாது தெரியுமா? அடைக்கலம் பெறும்பொருட்டு, மயக்க மருந்து ஏற்றுக்கொண்டு, பிறரைக் கொண்டு தம் முதுகைத் தாமே சுடுவித்துக் கொண்டார் என்பதாம்!

இவ் விந்தை முடிபு பிறந்த வகையையும் காண்க. கைத்தழும்புகளின் ஓரம் கலங்கியும், முதுகுத் தழும்புகளின் ஓரம் கோடு கிழித்தாற்போல் நேராகவும் இருந்தன. சுடப்படுபவர் அசையாது கிடந்தாலன்றி ஓரம் நேராக அமையாது. சுடும்போதே உணர்விழந்துவிட்டேன் என்றார் அவர். அதனை நம்பாத நடுவர்கள் மயக்க மருந்தைத் தாமே வருவித்துக் கொண்டனர். செய்யுளில் இல்லாத சொல்லை வருவித்துப் பொருள் உரைப்பதற்கும் உரையாசிரியர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தனர்; தீர்ப்பாயத்திற்கு அவ் வரம்பும் இல்லாது போயிற்று. பொய்த்தழும்பு வேண்டுவார்க்குக் கையில் இரண்டு சூடு போதாதா? முதுகையும் ஏன் கொடுக்க வேண்டும்?

அவர்தம் கூற்றில் முரண்பாடுகள் சில இருந்தமையை யாம் மறைக்கவில்லை. ஆனால், முரணை மட்டும் தனியே எடுத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிய பின்னர்த் தழும்பை நோக்கினால், தழும்பும் பொய்யாகவே தோன்றும். சொல்லும் வடுவும் நாட்டு நிலையும் ஒருங்கே நிறுக்கப்பட வேண்டியவை. மற்றோர் ஈழத்தமிழரின் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே அந் நாட்டு மேன்முறையீட்டு மன்றம் இதனைத் தெளிவுபடுத்தியிருந்தது.

இத்தகைய வழக்குகளில் மேல்மன்றங்கள் ஏதிலியின் வரலாற்றை மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்பதில்லை. கீழுள்ளோர் சட்டத்திற் பிழைத்தனரா என்பதையே காண்கின்றன. 2017-இல் மேன்முறையீட்டு நடுவர் மூவருள் இருவர் பிழையில்லை என்றனர், ஒருவர் மறுத்தார். 2019 மார்ச்சு 6-ஆம் நாள் உச்சமன்றத்தின் நடுவர் ஐவரும் ஒருமித்து அத் தீர்ப்பைத் தள்ளினர். அடைக்கலம் வேண்டித் தம்மைத் தாமே சுடுவித்துக் கொண்டார் எவரும் உளர் என்பதற்குச் சான்று ஏறத்தாழ இல்லவே இல்லை என்றும், அவ்வாறு ஐயுறுவோர் அதன் அருமையை நினைவிற் கொள்ள வேண்டும் என்றும் வில்சன் பெருமகனார் எழுதினார். இசுதான்புல் நெறிமுறைப்படி, தழும்பு பிறவாற்றான் ஏற்பட்டிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்துக் கருத்துரைப்பது மருத்துவரின் கடமையே என்றும் உறுதி செய்தார். வழக்கு மீண்டும் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டது கோவலன் வெட்டுண்ட பின்னன்றோ? இங்கு, ஆளைத் திருப்பி அனுப்புமுன் சிலம்பு உடைக்கப்பட்டது. அதற்கே எட்டாண்டுகள் ஆயின. வழக்கறிஞரும் மருத்துவரும் வாய்க்காத ஏதிலியர் எத்தனைபேர் கீழ்ப்படியிலேயே வீழ்ந்தனரோ!

1987-இல், தமிழர் சிலரின் வழக்கிலேயே, கொடுமை நேருமென்பதற்குத் தக்க வாய்ப்பு இருந்தாற் போதும் என்று பிரித்தானியப் பெருமக்களவை அளவுகோல் வகுத்தது. அத் தமிழர்கள் அன்று தோற்றனர், அளவுகோல் நிலைத்தது. 2022-இல் இயற்றப்பட்ட சட்டமோ, அவ் வாய்ப்பை ஆராயுமுன், தாம் அஞ்சுவது மெய்யென்பதையும் அதன் கரணியத்தையும், பொய்யாதலினும் மெய்யாதலே மிகுதி என்னும் அளவிற்கு ஏதிலி மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. அவ் வாண்டு சூன் 28 முதல் அடைக்கலம் வேண்டுவோர்க்கெல்லாம் இவ் வுயர்ந்த அளவுகோலே. சிறையினின்று தப்பி வந்தவன் இதற்கு எவரைச் சான்றாக அழைத்து வருவான், சுட்டவனையா?