முட்டுக்கட்டையின் மகிமை

"முட்டுக்கட்டை" என்னும் சொல்லுக்கு நமது பொது வாழ்வில் நல்ல பெயர் கிடையாது. சபையில் ஒருவர் எழுந்து, "கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டால் போதும். "முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை!" என்று மறுநாள் கொட்டை எழுத்தில் வந்துவிடும். கல்யாணப் பேச்சில் பெரியப்பா ஒருவர், "இன்னும் ஒரு தடவை விசாரிக்கலாமே" என்று வாயைத் திறந்தால் அவரும் முட்டுக்கட்டைதான். நானும் இத்தனை காலமாய் அந்தச் சொல்லை வசையாகவே வழங்கி வந்தேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிழையைத் திருத்திக் கொண்டேன். திருத்தியவர் என் மாமியார். திருத்துவதற்குக் காரணமாக இருந்தது, என் மைத்துனர் புதிதாக வாங்கியிருந்த ஒரு யந்திரம்.

மைத்துனர் தாம்பரத்துக்கு அப்பால் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறார். தம் காரைத் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் வழக்கமுடையவர். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். கையில் எண்ணெய்க் கறை படிந்தால் கௌரவம் போய்விடும் என்று எண்ணியே நமது நடுத்தரக் குடும்பங்கள் எத்தனையோ வித்தைகளை இழந்திருக்கின்றன. கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிப் பார்த்தவர். அன்று அவர் கறைக்குப் பயந்திருந்தால் கோயம்புத்தூரின் தொழில் சரித்திரம் வேறு விதமாக அல்லவா இருந்திருக்கும்?

மைத்துனர் வாங்கியிருந்த யந்திரம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய கார் லிப்ட். பட்டறைகளில் இரண்டு தூண்களை நாட்டி வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறார்களே, அதனுடைய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணி போல நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள். மடங்கிக் கிடக்கும்போது தரையிலிருந்து மூன்று, நான்கு அங்குலந்தான் இருக்கும். காரின் அடியில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தள்ளிவிட வேண்டியது. தனியே ஒரு சிறு பெட்டியில் மின்சார மோட்டாரும் எண்ணெய்ப் பம்பும் இருக்கின்றன. பெட்டியிலிருந்து ரப்பர்க் குழாய்கள் சட்டங்களுக்குப் போகின்றன. பொத்தானை அமுக்கினால் நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டுக் கிளம்பி, வண்டி ஏறக்குறைய ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் நிற்கும். வேலை முடிந்ததும் சட்டங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம்.

அன்று காலை இந்த வைபவத்தைக் காணக் குடும்பமே வாசலில் கூடியிருந்தது. மைத்துனர் பொத்தானை அமுக்கினார். மோட்டார் ரீங்காரம் செய்தது. தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள கார், மாவில் வைத்த அப்பம் உப்புவது போல் மெல்ல மேலே எழுந்தது. குழந்தைகள் கை தட்டினார்கள். ஓர் அடி எழுந்ததும், "இது போதும், அத்தான்! சைலன்ஸரைப் பார்க்க இவ்வளவு இடம் தாராளம்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, ஒரு கோரைப் பாயை விரித்து, அடியில் புகுவதற்கு ஆயத்தமானார்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார்:

"தம்பி! முட்டுக்கட்டை எங்கேடா?"

"இது மாட்டு வண்டி இல்லை, அம்மா. இதற்கு முட்டுக்கட்டை வேண்டாம். எண்ணெய் தாங்கிக்கொள்ளும்."

"எண்ணெயா? எண்ணெய் எப்படியடா வண்டியைத் தாங்கும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் மைத்துனர் பாயின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்தில் பாஸ்கல் என்னும் மேதை இருந்தார்; மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று அவர் கண்டு சொன்னார்; 1795-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிராமா என்பவர் இந்தத் தத்துவத்தைக் கொண்டு நீரழுத்த யந்திரம் செய்து உரிமை பெற்றார்; சிறிய குழலில் கொஞ்சம் பலத்தைப் பிரயோகித்தால், அகன்ற குழலில் அதைப்போல் பல மடங்கு பலம் கிடைக்கும்; அதனால்தான் சின்ன மோட்டாரினால் இத்தனை பெரிய வண்டியைத் தூக்க முடிகிறது. பிரசங்கம் ஏறக்குறையப் பத்து நிமிஷம் நடந்தது. மிகவும் நன்றாகவும் இருந்தது.

பிரசங்கம் பிராமாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாக வண்டியைப் பார்த்தேன். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சம் சற்றுக் குறைந்திருப்பது போல் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமில்லை, இடது பக்கம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. குழாய் இணைப்பு ஒன்றின் அடியில் தரையில் எண்ணெய் தேங்கியிருந்தது. அந்த இணைப்பைப் பூட்டியவர் மைத்துனரேதான். ஸ்பானரைத் தேடச் சோம்பல்பட்டுக் கையாலேயே முறுக்கிவிட்டிருந்தார்.

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தரையில் இறக்கினார். பிறகு, விரித்தபடியே கிடந்த பாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம். பாஸ்கலைப் பற்றி அவ்வளவு விஸ்தாரமாகப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லாமலிருந்தால், அந்தப் பத்து நிமிஷமும் அவர் எங்கே படுத்திருப்பார்?

யந்திரத்தின்மேல் பழி சொல்ல இடமே இல்லை. அதைச் செய்தவர்கள் முட்டுக்கட்டையை மறந்துவிடவில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் இரும்பினாலான பூட்டுக் கம்பி ஒன்று இருக்கிறது. குறித்த உயரத்துக்கு வண்டியைத் தூக்கி, பிறகு சிறிது இறக்கினால், பாரம் முழுவதும் அந்தக் கம்பியின்மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் எண்ணெய் ஒழுகினால் என்ன, மோட்டார் எரிந்தால் என்ன, மின்சாரம் நின்றால் என்ன? இரும்பு தாங்கும். மைத்துனரோ பூட்டு விழும் உயரத்துக்கு முன்பே, "இது போதும்" என்று நிறுத்திவிட்டார். போதும் என்ற மனம் பொன் செய்யும் மருந்துதான். ஆனால் கார் லிப்ட் விஷயத்தில் அது உதவாது!

அதன் பிறகு நாங்கள் இருவரும், யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தை முதன்முறையாகத் திறந்து முதலிலிருந்து கடைசி வரையில் படித்தோம். வீட்டில் இத்தகைய லிப்டோ சாதாரண ஜாக்கியோ வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படக் கூடுமென்பதால், கற்ற பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தரை. நமது பட்டணங்களில் கார் நிறுத்தும் இடத்தின் அடியிலேதான் தண்ணீர்த் தொட்டியையோ, கழிவுத் தொட்டியையோ கட்டி மூடியிருப்பார்கள். நான்கு சக்கரங்களில் பரவி நின்ற பாரம், லிப்டின் அடிச்சட்டங்களில் குவியும்போது அந்த மூடி தாங்குமா என்பதை வீடு கட்டிய கொத்தனாரையோ என்ஜினீயரையோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வாசலைத் தெருப்பக்கம் சரிவாகப் போடுவதும் நம் வழக்கம். சரிவில் வண்டியைத் தூக்கவே கூடாது. மண் தரையும், பெயர்ந்து ஆடும் பாவு கல்லும் உதவா. சமமான, கெட்டியான காங்கிரீட் தரைதான் வேண்டும்.

இரண்டாவது, இடம். காரின் அடியில் கண்ட இடத்தில் முட்டுக் கொடுத்தால் தகடு நெளியும்; வண்டி சறுக்கும். பெரும்பாலான கார்களில் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்குப் பின்னும் பின் சக்கரத்துக்கு முன்னும், தூக்குவதற்கென்றே உறுதியான நான்கு இடங்கள் அமைத்திருக்கிறார்கள். அவை எவையென்று காரின் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். லிப்டின் ரப்பர்க் கட்டைகள் அங்கேதான் பொருந்த வேண்டும். மின்சாரக் கார்கள் பலவற்றில் பாட்டரி வண்டியின் அடித்தளத்தில் பரவியிருக்கிறது. அதன்மேல் கட்டை பட்டால் நஷ்டம் பெரிது; அபாயம் அதைவிடப் பெரிது.

மூன்றாவது, எடை. காரின் எடை, உள்ளே இருக்கும் சாமான்களையும் சேர்த்து, லிப்டின் சக்திக்குள் அடங்க வேண்டும். தவிர, வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு என்ஜின் போன்ற கனத்த பாகம் எதையாவது கழற்றினால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அத்தகைய வேலைகளைப் பட்டறைக்கு விடுவதே விவேகம்.

நான்காவது, நிதானம். சட்டங்கள் மடக்கு நாற்காலி போல் விரிவதால் வண்டி செங்குத்தாக எழாது. சிறிது முன்னோ பின்னோ நகர்ந்தே எழும். ஆகையால் சுவருக்கு மிக அருகில் நிறுத்தக் கூடாது. சக்கரங்கள் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழுந்ததும் நிறுத்தி, நான்கு கட்டைகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, வண்டியைக் கையால் அசைத்துச் சோதிக்க வேண்டும். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆடாவிட்டால் பூட்டு விழும் உயரம் வரை தூக்கி, இரண்டு பக்கமும் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்து, பாரத்தை அதன்மேல் இறக்கிய பிறகுதான் அடியில் போக வேண்டும். அதற்கு முன் தலை மட்டுமல்ல, கைகூட உள்ளே போகலாகாது. பந்து உருண்டு போயிற்று என்று குழந்தை ஓடினால் குழந்தையைத்தான் பிடிக்க வேண்டும். பந்து பிறகு வரும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்யவும் கூடாது. புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அன்று பிற்பகல், இணைப்பை ஸ்பானரால் இறுக்கி, வண்டியை முறைப்படி தூக்கிப் பூட்டின்மேல் உட்கார வைத்தார் மைத்துனர். மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, இப்போது போ" என்று உத்தரவு கொடுத்தார்.

"உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு யந்திரம் என்ன தெரியும், மாப்பிள்ளை? நான் திருவாரூர்க்காரி. தேர் தெரியும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம் என்று சொல்வார்கள். வடத்தைப் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் மேலேயே இருக்கும். கீழே, அந்தப் பிரம்மாண்டமான சக்கரங்களின் அருகில், மரக்கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சில பேர் ஓடிக்கொண்டிருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் போடும் கட்டையினால்தான். இந்தக் காலத்தில் திருச்சி பெல் தொழிற்சாலையார் அந்தத் தேருக்கு எண்ணெய் அழுத்தத்தினால் வேலை செய்யும் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, அங்கேயும் பாஸ்கல் வந்துவிட்டார். ஆனால் பாஸ்கல் வந்தாரென்று முட்டுக்கட்டைக்காரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்றி மை போடுகிற வண்டிக்காரரும், முட்டுக் கொடுக்காமல் கடையாணியில் கை வைக்க மாட்டார். தூக்குவதற்கு ஒன்று, தாங்குவதற்கு வேறொன்று என்பது நம் நாட்டில் பழைய ஞானம். பொத்தானைக் கண்டதும் நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

வீட்டில் லிப்ட் வாங்குவோர் சிலர்தான். ஆனால் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. நம் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் எங்கிருந்தோ ஓர் இளைஞனை அழைத்து வருகிறோம். அவன் ஒற்றை ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டு, தார் ரோட்டில் காகிதத்தை விரித்து அடியில் படுக்கிறான். சில சமயம் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்துக்கொள்கிறான், அது நொறுங்கிவிடும். நாம் மரநிழலில் நின்றுகொண்டு, "சீக்கிரம் ஆகட்டும், தம்பி" என்கிறோம். வண்டி நம்முடையது, அவசரம் நம்முடையது, அடியில் இருக்கும் மார்பு மட்டும் அவனுடையது. காரின் டிக்கியில் உறுதியான இரும்பு ஸ்டாண்டு இரண்டு வைத்திருந்தால், "முதலில் இதைக் கொடுத்துக்கொள்" என்று சொல்லலாம் அல்லவா? அவன் சிரிக்கக்கூடும், "இதெல்லாம் வேண்டாம், ஸார்" என்று சொல்லக்கூடும். அப்போது தயங்காமல் முட்டுக்கட்டை போடுங்கள்.

மைத்துனர் லிப்டின் பெட்டிமேல் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அதில், "அம்மா பார்த்தாயிற்றா?" என்று எழுதியிருக்கிறது. கைப்புத்தகத்தில் உள்ள எச்சரிக்கைகள் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.