பசிக்கு வேடமில்லை

தமிழில் துன்பியல் நாடகம் கிடையாது, வேண்டுமென்றால் ஷேக்ஸ்பியரைத்தான் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் ஜொகூரிலும் இருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நல்லதங்காளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டிமார் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்கும் நாடகம்தானே என்ற இளக்காரம்தான் காரணம். இந்த இதழில் நாடகத்துக்குக் கூடுதல் பக்கம் ஒதுக்கியிருப்பதால், பாட்டிமார் எதற்கு அழுதார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

கதை தெரிந்ததுதான். மானாமதுரையில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். கணவன் காசிராஜன் தடுத்தும் கேளாமல், ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள் நல்லதங்காள். அண்ணன் மனைவி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு மக்கிப்போன கேழ்வரகைக் கொடுத்து அவமானப்படுத்துகிறாள். பிள்ளைகளைப் பாழுங்கிணற்றில் தள்ளி, நல்லதங்காளும் அதிலேயே முடிகிறாள்.

இதில் கெட்டவள் யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லும். அந்தப் பதில் அத்தனை சுலபமாக வருவதுதான் எங்களை உறுத்துகிறது. அண்ணன் நல்லதம்பியைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டாகத் தங்கை ஊரில் மழையில்லை. இவன் ஒரு வண்டி நெல் அனுப்பியதாகச் செய்தி இல்லை. வழியில் தங்கையைப் பார்க்கிறான், பிள்ளைகளின் ஒட்டிய வயிற்றைப் பார்க்கிறான். வீட்டுக்குப் போ, அண்ணி கவனித்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வேட்டையைத் தொடர்கிறான். நாடகம் அவனைப் பாசமலராகவே கடைசிவரை வைத்திருக்கிறது. அவன் செய்யத் தவறியதெல்லாம் அவன் மனைவியின் கணக்கில் ஏறுகிறது.

நல்லதங்காளிடம் கற்பின் வலிமை உண்டு. சாத்திய கதவு அவள் சொல்லுக்குத் திறக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்கும் கற்புக்கு ஏழு வயிற்றை நிரப்பத் தெரியவில்லை. பசி மட்டும் இருந்திருந்தால் அவள் பக்கத்து வீட்டில் கையேந்தியிருப்பாள். பிறந்த வீட்டின் பெயர் கெடும் என்ற மானம் குறுக்கே நிற்கிறது. பசி அவளை ஊர்விட்டு நடத்துகிறது; மானம் கிணற்றடிக்குக் கொண்டுபோகிறது. யூரிப்பிடிஸின் மீடியாவும் (கி.மு. 431) பிள்ளைகளைக் கொல்கிறாள், கணவனைப் பழிவாங்க. நல்லதங்காளுக்குப் பழிவாங்க யாருமில்லை. அந்த வகையில் இவள் கதை கிரேக்கத்தியின் கதையைவிடக் கொடியது என்பது எங்கள் கட்சி.

சுவாமிகள் 1867இல் பிறந்தவர். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876இல் அவருக்கு ஒன்பது வயது. அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியம் கப்பலேறிப் போனது. வைஸ்ராய் லிட்டனின் அரசு நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தது. நல்லதங்காள் கதை அதற்கு முந்தியது. என்றாலும் அதைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் அந்தப் பஞ்சத்தின் பிள்ளைகள், பேரர்கள். அவர்களில் ஒரு பகுதி கப்பலேறி மலாயாவின் பால்மரக் காட்டுக்கு வந்தது. லயத்து வாசலில் இந்தக் கதையைக் கேட்டு அழுதவர்கள் பஞ்சத்தை வீட்டுக்குள் கண்டவர்கள். ஆனால் பசிக்கு வேடம் கட்ட முடியாது, லிட்டனை அங்கே மேடையேற்றவும் முடியாது. சேலை கட்டி முன்னால் வந்து நின்றவள் மூளி அலங்காரி. சாபமெல்லாம் அவளுக்குப் போனது. நாடகம் ஒரு பஞ்சத்தை நாத்தனார் சண்டையாகச் சுருக்கிக் கொடுத்தது. நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

நாங்கள் தம்போயில் இருந்து எழுதுகிறோம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஜொகூர்க்காரர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். 1937இல் திறந்த மனநல மருத்துவமனை, இன்றைய பெர்மாய், இங்கேதான் இருக்கிறது. இன்று ஜொகூரில் ஒரு நல்லதங்காள் கிணற்றிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டால், பிள்ளைகளைக் கொன்ற வழக்கு மன்றத்துக்குப் போகும். அவள் மனநிலையை அறிய நீதிமன்றம் பெரும்பாலும் இந்த மருத்துவமனைக்குத்தான் அனுப்பும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல்தான் நாடாளுமன்றம் நீக்க ஒப்பியது. கடைசியாக எப்போது சாப்பிட்டாய், தூங்கி எத்தனை நாள், உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று மருத்துவமனையில் ஒரு தாதி கேட்பார். நம் மேடையில் அந்தக் கேள்விகளை ஒரு பாத்திரமும் கேட்பதில்லை.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வடிவங்களில் சிவனும் பார்வதியும் வந்து இறந்தவர்களை எழுப்புகிறார்கள். விடியற்காலையில் மங்களம் பாடி அனுப்ப அது வசதிதான். ஆனால் அந்த நேரத்தில் பசி என்னவாயிற்று என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சி இல்லாமலே நாடகம் முழுமையானது.

இளைஞர் நாடகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்லதங்காளை மறுபடி போடுங்கள். மூளி அலங்காரிக்கு ஒரே ஒரு காட்சி எழுதுங்கள்: குதிரில் எவ்வளவு இருந்தது, இன்னும் எத்தனை மாதம் தள்ள வேண்டும், வேட்டைக்குப் போன புருஷன் எப்போது திரும்புவான் என்று அவள் கணக்குப் போடட்டும். அவளை நல்லவளாக்க வேண்டாம். பேச விட்டால் போதும்.

தோட்டத்தில் நாடகம் போட்ட குடும்பங்களில் பாட்டு எழுதிய பழைய நோட்டுப் புத்தகங்கள் இன்னும் பெட்டியில் கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள். பக்கங்களைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்; எழுதியவர் பெயரோடு அடுத்த இதழிலிருந்து அச்சிடுகிறோம்.