அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்



"நிறைமாசம் ஆயிடுச்சுல்ல, உள்ள இடம் பத்தல. அதான் பிள்ளை அசையல." அம்மாவோ மாமியாரோ நான்கு பிள்ளை பெற்ற அத்தையோ, நம் வீடுகளில் அக்கறையோடுதான் இதைச் சொல்கிறார்கள். கேட்ட பெண்ணும் மனம் சமாதானமாகிப் படுத்துவிடுகிறாள். ஆனால் இது சரியல்ல. இடம் நெருக்கமாகும்போது அசைவின் விதம் மாறும்: துள்ளலான உதை போய், புரளலும் நெளிவும் அதிகமாகும். அசைவே குறையாது. சுமார் 32 வாரம்வரை கூடிவரும் அசைவு, வலி கண்டு பிள்ளை பிறக்கும்வரை ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும்.

குழந்தை உள்ளே தூங்குவதும் உண்டு. ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. அதற்கு மேலும் அசைவே தெரியவில்லை என்றால் தூக்கத்தைக் காரணம் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி வழியே வரும் பிராணவாயு குறையும்போது குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் அதை மிச்சம் பிடிக்கும். கை கால் அசைவைக் குறைத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் நமக்கு அதன் தவிப்பு தெரிய வேறு வழி அதிகம் இல்லை. வயிற்றிலேயே குழந்தையை இழந்த தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதற்கு முன்பே அசைவு குறைந்ததை உணர்ந்திருந்தார்கள் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல். அதே ஆவணம் ஆறுதலான செய்தியையும் சொல்கிறது: ஒரே ஒருமுறை அசைவு குறைந்த கர்ப்பங்களில் சுமார் 70 சதவீதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் நல்லபடியாக முடிகின்றன.

எத்தனை அசைவு இருந்தால் போதும் என்று பலரும் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து என்ற பழைய கணக்கு 1976இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரிலிருந்து வந்தது. நாளெல்லாம் துறுதுறுவென்றிருந்த குழந்தை திடீரென்று பத்தோடு நின்றால், கணக்குப்படி அது தேறிவிடும். தாயின் வயிறு மட்டும் ஏதோ சரியில்லை என்று சொல்லும். நான் அந்த வயிற்றைத்தான் நம்பச் சொல்வேன். 28 வாரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சந்தேகமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலை இல்லாமல் இரண்டு மணி நேரம் கவனிக்கலாம். பத்து அசைவுகூட வரவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். மாற்றம் நிச்சயமாகத் தெரிகிறது என்றால் அந்த இரண்டு மணி நேரமும் தேவையில்லை. இனிப்பு சாப்பிட்டுப் பார், ஐஸ் தண்ணீர் குடித்துப் பார் என்பதெல்லாம் நேரத்தைத்தான் விழுங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 33 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2018இல் முடிவு வெளியானது. தாய்மார்களுக்கு அசைவு பற்றி எடுத்துச் சொல்லி, குறைந்தால் விரைந்து பரிசோதித்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே பிரசவம் பார்ப்பது என்பது திட்டம். இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 4.40இலிருந்து 4.06 ஆனது. திட்டத்தின் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய வித்தியாசம். வலி வரவழைப்பதும் சிசேரியனும் கூடின. எனவே ஆஸ்பத்திரிக்குப் போவது பரிசோதனைக்காக. பயத்தில் "இப்பவே எடுத்துடுங்க" என்று கேட்பதற்காக அல்ல. இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி., தேவையானால் வளர்ச்சியும் பனிக்குட நீரும் பார்க்க ஸ்கேன். அவற்றைப் பார்த்தபின் முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் இருக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். ராத்திரி இரண்டு மணிக்குக் கர்ப்பிணி மனைவி எழுப்பினால், "காலையில பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். வண்டி இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. போய்ப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால், வீண் அலைச்சல் என்று அவளிடம் முகம் சுளிக்காதீர்கள். ஏனென்றால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் அசைவு குறையலாம். திரும்பத் திரும்பக் குறைவது ஒருமுறை குறைவதைவிடக் கவலைக்குரியது. போன தடவை பட்ட கூச்சத்தால் அவள் அன்று வாய் திறக்காமல் இருந்துவிடக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்