எங்கள் ஈக்களையாவது விட்டுவையுங்கள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில் ஓர் இங்கிலாந்துக்காரரோடு மேசையைப் பகிர்ந்துகொள்வேன். பள்ளி ஆசிரியர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு ரொட்டி சானாய், அவருக்கு முட்டை ரொட்டி, இருவருக்கும் தே தாரிக். பசியாற வந்த இடத்தில் உண்டான நட்பு.

போன வாரம் அவர் பையிலிருந்து ஒரு டிம் டாம் பாக்கெட்டை எடுத்தார். பிஸ்கட்டின் ஒரு மூலையைக் கடித்தார். அதற்கு நேர் எதிர் மூலையையும் கடித்தார். ஒரு முனையைத் தே தாரிக்கில் முக்கி, மறுமுனையை உதட்டில் வைத்து, ஸ்ட்ரா போல உறிஞ்சினார். சூடு ஏறி பிஸ்கட் குழைந்து உடையப் போகும் நொடியில் முழுசாக வாய்க்குள் தள்ளிவிட்டார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இது உங்கள் ஊர்ப் பழக்கமா?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊரில் இப்படிச் சாப்பிட்டால் அம்மா அடிப்பார். இது ஆஸ்திரேலியாவில் கற்றது. அப்போது எனக்கு 23 வயது" என்றார். பிறகு ஒரு மணி நேரம் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்த பிரிட்டிஷ்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஓப்பரா ஹவுஸ் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் மூன்று விஷயம்தான்: சாப்பாடு, விளையாட்டு, கிண்டல்.

இந்த உறவு பழையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியா, பிரிட்டனிலிருந்து பெரியவர்களை வெறும் 10 பவுன் கட்டணத்தில் கப்பல் ஏற்றியது. பிள்ளைகளுக்கு இலவசம். 1945 முதல் 1972 வரை ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1966இல் வேல்ஸிலிருந்து அப்படிப் போன ஒரு குடும்பத்தின் நான்கு வயதுப் பெண், ஜூலியா கில்லார்ட், 2010இல் அந்த நாட்டுக்கே பிரதமர் ஆனார். 1975இல் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் விசா வந்தது. பிரிட்டிஷ் இளைஞர்கள் முதுகுப் பையோடு கிளம்பினார்கள். 2023 முதல் அவர்களுக்கு அந்த விசாவின் வயது வரம்பு 35. என் வயதுக்காரர்களும் போகலாம் என்று அர்த்தம். நான் பிரிட்டிஷ்காரன் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் சாப்பாடு. டிம் டாம் 1964இல் ஆர்னட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பிஸ்கட். பிரிட்டனின் பெங்குவின் பிஸ்கட்டைப் பார்த்து, அதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று முயன்றதில் பிறந்தது. பெயர் மட்டும் அமெரிக்கக் குதிரையுடையது. 1958இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரை அது.

வெஜிமைட் கதையும் இதே மாதிரிதான். நமக்கு மார்மைட் தெரியும். காய்ச்சல் வந்தால் கஞ்சியில் கலக்கித் தருவார்கள். சீன உணவகத்தில் மார்மைட் கோழியாகவும் வரும். அது பிரிட்டனின் சரக்கு. முதல் உலகப் போருக்குப் பிறகு அதன் வரத்து தடைபட, மெல்பர்னில் சிரில் காலிஸ்டர் என்ற வேதியியலாளர் மதுபான ஆலையில் மிஞ்சும் ஈஸ்டைக் கொண்டு ஒன்றைத் தயாரித்தார். 1923இல் கடைக்கு வந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் உப்பு. ஆனால் மார்மைட்காரரும் வெஜிமைட்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்ற நம் வீட்டுச் சண்டை தோற்றுவிடும்.

நண்பர் ஏங்குவது இவை எதற்கும் இல்லை. ஒரே ஒரு ரொட்டித் துண்டு. அதன் குறுக்கே சுட்ட சாசேஜ், வதக்கிய வெங்காயம், மேலே தக்காளி சாஸ். அப்படியே மடித்துக் கையில் தருவார்கள். வார இறுதியில் பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடை வாசலில், ஏதாவது ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ நிதி திரட்ட விற்பார்கள். சனிக்கிழமைகளில் தேர்தல் நடக்கும்போது வாக்குச்சாவடி வாசலிலும் விற்பார்கள். 'ஜனநாயக சாசேஜ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018இல் பன்னிங்ஸ், வெங்காயம் கீழே விழுந்தால் யாராவது வழுக்கி விழக்கூடும், ஆகவே அதைச் சாசேஜுக்கு அடியில் வையுங்கள் என்று சொன்னபோது, நாடே அதை ஒரு தேசியப் பிரச்சினையாகப் பேசித் தீர்த்தது.

புதிதாக வந்தவர்களைப் பற்றி அங்கே ஒரு பழைய வேடிக்கை உண்டு. விருந்துக்கு அழைக்கும்போது "ஒரு தட்டு கொண்டு வாருங்கள்" என்பார்கள். ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்பது புதியவருக்குத் தெரியாது. பாவம், இவர்கள் வீட்டில் தட்டு பற்றாக்குறை என்று நினைத்துக் காலித் தட்டோடு போய் நிற்பார். நண்பரும் அப்படி நின்றவர்தான். "அந்த வீட்டு அம்மா என் தட்டை வாங்கி, நிறையச் சாப்பாட்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அங்கே இருந்தவரை என் பெயரே 'தட்டு' என்று ஆகிவிட்டது" என்றார்.

அடுத்து விளையாட்டு. 1882இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது, ஒரு பத்திரிகை இங்கிலாந்து கிரிக்கெட்டுக்கு மரண அறிவித்தல் போட்டது: உடல் தகனம் செய்யப்படும், சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் என்று. ஆஷஸ் தொடர் அந்தக் கிண்டலில் பிறந்தது. ஓர் ஆழாக்குக்கூட இல்லாத மண் கலயத்துக்காக இரண்டு நாடுகளும் இன்னமும் மோதிக்கொள்கின்றன.

வானொலிக்காரி என்பதால் இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மெல்பர்னில் காலையில் ஆட்டம் தொடங்கும்போது இங்கிலாந்தில் நள்ளிரவு நெருங்கும். டிசம்பர் குளிர். வெளியே இருட்டு. சிறு வயதில் போர்வைக்குள் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, வெயிலில் நடக்கும் ஆட்டத்தைக் கேட்டாராம் நண்பர். "ஆஸ்திரேலியாவை நான் முதலில் காதால்தான் பார்த்தேன்" என்றார். ஓர் அறிவிப்பாளருக்கு இதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.

1994 டிசம்பர் 29. நண்பர் மெல்பர்ன் மைதானத்தில், ஆஸ்திரேலியர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். ஷேன் வார்ன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று இங்கிலாந்து வீரர்களை வெளியேற்றுகிறார். மைதானமே எழுந்து நிற்கிறது. நண்பர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, சூடான இறைச்சிப் பையை அவர் கையில் வைத்து, "சாப்பிடு, துக்க வீட்டில் பசி தாங்கக் கூடாது" என்றாராம். சாப்பாடு, விளையாட்டு, கிண்டல் மூன்றும் அந்த ஒரு கணத்தில் இருக்கின்றன. முப்பது வருடமாகியும் அவருக்கு அந்தப் பையின் சூடு நினைவிருக்கிறது.

அந்தச் சுற்றுப்பயணத்தில் இங்கிலாந்து 3-1 என்று தோற்றது. தோற்கத் தோற்கப் பாடிக்கொண்டே இருந்த ரசிகர்களைப் பார்த்து ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் 'கிறுக்குப் படை' என்ற அர்த்தத்தில் 'பார்மி ஆர்மி' என்று பெயர் சூட்டின. அவர்கள் அந்தப் பெயரையே பதாகையாகத் தூக்கிக்கொண்டார்கள்.

இனி கிண்டல். செந்நிறத் தலைமுடிக்காரரை 'நீலம்' என்று கூப்பிடும் ஊர் அது. கடலில் நீந்தப் போய் 1967இல் காணாமலே போன பிரதமர் ஹரால்ட் ஹோல்ட்டின் நினைவாக, மெல்பர்னில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து ஆளின் தலைமேல் விழும் 'டிராப் பேர்' என்ற கொடிய கரடியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் முகம் மாறாமல் சொல்வார்கள். அப்படி ஒரு விலங்கு கிடையாது. 2020இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிருபருக்குப் பாதுகாப்புக் கவசமெல்லாம் மாட்டி, கையில் ஒரு சாதாரண கோவாலாவைக் கொடுத்து, அதுதான் டிராப் பேர் என்று நம்பவைத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களை அவர்கள் அழைப்பது 'பொம்மி' என்று. நம் காதுக்கு ஏதோ செல்லப் பிள்ளையின் பெயர் போல இருக்கிறது.

இந்தக் கிண்டலுக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அவர் 'யாபா'தான். ஸ்டீபன் கேஸ்காய்ன் என்பது இயற்பெயர். தெருவில் முயல் விற்றவர். சிட்னி மைதானத்தின் புல்மேட்டில் உட்கார்ந்து அவர் கொடுக்கும் குரல் ஆடுகளம் வரை கேட்குமாம். 1932-33இல் இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின், பந்தை உடம்பைக் குறிவைத்து வீசச் செய்து ஆஸ்திரேலியாவையே கொதிக்க வைத்திருந்தார். ஒருநாள் முகத்தில் மொய்த்த ஈக்களை அவர் விரட்ட, "ஜார்டின், எங்கள் ஈக்களையாவது விட்டுவை. இந்த ஊரில் உனக்கு இருக்கும் நண்பர்கள் அவை மட்டும்தான்" என்று யாபா கத்தியதாகச் சொல்வார்கள். 2008இல் அந்த மைதானத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், ரசிகர் வரிசையில், வாயருகே கை வைத்துக் கத்தும் கோலத்தில்.

அந்தப் பந்துகளை வீசிய ஹரால்ட் லார்வுட், நாட்டிங்ஹம்ஷயரின் சுரங்கத் தொழிலாளி. மன்னிப்புக் கேட்க மறுத்ததால் பிறகு இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடவே இல்லை. 1950இல் குடும்பத்தோடு அவர் குடியேறிய ஊர் எது தெரியுமா? சிட்னி. குடியேற உதவியவர், அவர் பந்தை எதிர்கொண்டு ஆடிய ஜாக் ஃபிங்கிள்டன். 1995இல் சாகும்வரை லார்வுட் அங்கேயே வாழ்ந்தார். திட்டித் தீர்த்த ஊரே அவருக்குச் சொந்த ஊரானது.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் அதே சிட்னி மைதானத்தில், 2021 ஜனவரியில், எல்லைக்கோட்டருகே நின்றிருந்த முகமது சிராஜ் ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு நடுவரிடம் நடந்துபோனார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. தந்தை இறந்தும் ஊருக்குத் திரும்பாமல் அணியோடு தங்கியிருந்த இளைஞர் அவர். சிட்னியில் இப்படி நடப்பது முதல் முறை இல்லை என்று நம் அஸ்வின் அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார். கிரிக்கெட் ஆஸ்திரேலியா மன்னிப்புக் கேட்டது. யாபாவின் சிலை அதே மைதானத்தில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். மெல்பர்னில் ஓர் உணவக அடுப்படியில் பாத்திரம் கழுவியபோது, கூட வேலை செய்தவர் ஃபிஜியிலிருந்து வந்த ஓர் இந்திய இளைஞர். இவருக்குப் பட்டப்பெயர் 'பொம்மி'. அவருக்கும் ஒன்று வைத்திருந்தார்கள், அவருடைய நிறத்தைச் சொல்லி. இருவரும் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். ஒரு ராத்திரி டிராமில் திரும்பும்போது அந்த இளைஞர் சொன்னாராம்: "நீ ஊருக்குப் போய் உன் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பாய். நான் என் பெயரை வீட்டில் சொல்ல மாட்டேன்."

"அந்த வருடத்தைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் கதை சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை" என்றார் நண்பர்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கோலசிலாங்கூர் பக்கமிருந்து ஓர் ஐயா வாராவாரம் என் நிகழ்ச்சிக்கு அழைப்பார். தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்கு 'ழ' வராது. ஒருநாள் அவர் கேட்ட பாட்டின் பெயரை அவர் சொன்னபடியே நானும் சொல்லிச் சிரித்தேன். நேரலை. கலையகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

காலித் தட்டோடு வந்தவரைக் கிண்டல் செய்த அந்த வீட்டு அம்மா, முதலில் தட்டை நிரப்பிக் கொடுத்தார். தோற்றவரைக் கேலி செய்த பக்கத்து இருக்கைக்காரர், தன் பையை அவர் கையில் வைத்தார். நான் அந்த ஐயாவுக்கு என்ன கொடுத்தேன்? அவர் கேட்ட பாட்டைக்கூட அன்று முழுசாகப் போடவில்லை. நேரமாகிவிட்டது.

ஐயா, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருமென்றால், ஒருமுறை அழையுங்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் அதுதான் பாட்டின் பெயர்.

எழுந்து வரும்போது நண்பர் ஒரு டிம் டாமை என்னிடம் நீட்டினார். இரண்டு மூலையையும் சரியாகத்தான் கடித்தேன். ஆனால் உறிஞ்சுவதற்குள் பாதி பிஸ்கட் தே தாரிக்குள் விழுந்து முழுகிவிட்டது. அவர் சிரித்தார், தேநீர் ஆற்றும் அண்ணன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு அண்ணனே ஒரு கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.